கார்டில் 2027 என்றிருக்கிறது, கணக்கு 2025லேயே முடிந்துவிட்டது

கேள்வி கேட்டவர் கோவைக்காரர். 2022 ஆகஸ்ட் 20 அன்று மனைவி, ஐந்து வயது மகளோடு டொராண்டோவில் இறங்கி கனடாவின் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பாளர்) ஆனார். மூன்று வாரம் உறவினர் வீட்டில் தங்கி, பி.ஆர். கார்டை அந்த முகவரிக்கு வரும்படி செய்துவிட்டு, "வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம்" என்று ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம். அதன் பிறகு கிளம்பவே முடியவில்லை. பழைய வேலையிலேயே தொடர்கிறார். கார்டு 2027 செப்டம்பர் வரை செல்லும். 2026 ஏப்ரலில் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறார். கார்டு செல்லுபடியாகும்வரை கவலையே இல்லை என்கிறார் அவருடைய ஏஜென்ட். கனடாவில் இருந்த நாள் குறைந்தால், அங்குள்ள ஒரு கம்பெனிக்காக வேலை செய்ததாக லெட்டர் ஏற்பாடு செய்து தருவதாகவும் சொல்கிறாராம். இதெல்லாம் சரியா என்பது கேள்வி.

நான் டொராண்டோவில் ஒரு குடிவரவு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகக் கோப்புகள் தயார் செய்பவன். வழக்கறிஞர் இல்லை. ஆனால் உங்களுடையதைப் போன்ற கோப்பு மாதம் தவறாமல் எங்கள் மேசைக்கு வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கார்டு. கனடாவுக்கு விமானம் ஏற உதவுவதுதான் அதன் முக்கிய வேலை. ஏர்லைன்ஸ்காரர்கள் கவுன்ட்டரில் கேட்பது அதைத்தான். கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விடாது. அதே மாதிரி, கார்டில் தேதி மீதமிருப்பதால் பி.ஆர். பத்திரமாக இருக்கிறது என்றும் ஆகாது. உங்கள் நிலையைத் தீர்மானிப்பது 2002 ஜூன் 28 அன்று நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. எந்த ஐந்து ஆண்டை எடுத்துப் பார்த்தாலும் அதில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டும் இருக்கலாம். ஒரு நாளில் சில மணி நேரம் இருந்தாலும் அது முழு நாளாகக் கணக்கில் வரும்.

பி.ஆர். ஆகி ஐந்து ஆண்டு ஆகாதவர்களிடம் அதிகாரி கேட்பது வேறு: ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் இவரால் 730ஐ எட்ட முடியுமா? உங்களுக்கு அந்த ஐந்து ஆண்டு 2027 ஆகஸ்ட் 20இல் முடிகிறது. கையில் இருப்பது 21 நாள். அப்படியானால் 2025 செப்டம்பர் 10 வாக்கில் நீங்கள் கனடாவில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 20இல் போய் ஒரு நாள்கூட வெளியே போகாமல் இருந்தாலும் 2027 ஆகஸ்டுக்குள் சுமார் 490 நாள்தான் சேரும். பழைய மூன்று வாரத்தையும் கூட்டினால் 510. ஆக, 220 நாள் குறைகிறது. இதில் எந்த ஏஜென்டும் கூட்டிக் கழித்து மாற்றக்கூடியது எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் நினைப்பது புரிகிறது: அப்படியென்றால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. நாள் குறைந்த அன்றே பி.ஆர். தானாக விழுந்துவிடாது. அதிகாரி ஒருவர் உங்களை விசாரித்து முடிவெடுத்து, மேல்முறையீட்டுக்கான வழியும் தீர்ந்த பிறகுதான் அது போகும். அதுவரை நீங்கள் பி.ஆர்.தான், நாட்டுக்குள் நுழையும் உரிமையும் இருக்கிறது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே காலவரையற்ற குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அது தானாகவே காலாவதியாகிவிடும். கனடா சட்டம் அந்த விஷயத்தில் இளகியது. உங்கள் வாய்ப்பு அந்த இளக்கத்தில்தான் இருக்கிறது.

ஏப்ரலில் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்டு செல்லுபடியாக இருப்பதால் விமானம் ஏறுவதில் சிக்கல் இல்லை. எல்லைச் சேவை அதிகாரி கார்டைப் பார்த்து "வெல்கம் பேக்" என்று அனுப்பிவிடலாம், அப்படியும் நடக்கிறது. "கடைசியாக எப்போது கனடாவில் இருந்தீர்கள்?" என்றும் கேட்கலாம். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சிலர் "போன வருஷம் வந்திருந்தேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். நாள் குறைவு என்பது மன்னிக்கக்கூடிய விஷயம். பொய்த் தகவல் தனிக் குற்றச்சாட்டாகி, அந்தஸ்தையும் பறித்து ஐந்து ஆண்டு நாட்டுக்குள் வரவும் தடை போடும். மேலும் 2020 ஜூன் முதல் விமானத்தில் வெளியேறுபவர்களின் விவரமும் அரசின் கணினியில் பதிவாகிறது. நீங்கள் 2022 செப்டம்பரில் கிளம்பிப் போனது அவர்கள் திரையிலேயே இருக்கும்.

அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் ஓர் அறிக்கை எழுதுவார். அவருக்கு மேலே உள்ளவர் அதைப் பார்த்து, வெளியேறும்படி உத்தரவு பிறப்பிக்கலாம். காகிதத்தைப் பார்த்ததும் பலருக்கு மூச்சே நின்றுவிடுகிறது, அடுத்த விமானத்தில் அனுப்பப்போகிறார்கள் என்று. அப்படியில்லை. 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். வழக்கு முடியும்வரை நீங்கள் பி.ஆர்.தான்: வேலை பார்க்கலாம், மகளைப் பள்ளியில் சேர்க்கலாம், ஓராண்டுக்கான கார்டுகூடக் கிடைக்கும். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. அறிக்கை எழுதப்பட்ட நாளிலிருந்து நீங்கள் கனடாவில் கழிக்கும் நாட்கள் 730இல் சேராது, மேல்முறையீட்டில் ஜெயித்தால் ஒழிய.

அந்த விசாரணை அறையில் சில சமயம் "பி.ஆரைத் தானாகத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டால் விசிட்டராக உள்ளே விட்டுவிடுகிறோம்" என்ற யோசனை வரும். பதினைந்து மணி நேரப் பயணக் களைப்பு, தூங்கி விழும் குழந்தை. பலர் போட்டுவிடுகிறார்கள். போட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. போட்டால் மேல்முறையீடும் போச்சு.

அறிக்கை எதுவும் இல்லாமல் உள்ளே விட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வெளியே போகாமல் இரண்டு ஆண்டு உட்காருவது. அந்த இரண்டு ஆண்டில் குடிவரவுத் துறை உங்கள் கோப்பைத் திறக்கும்படியான எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். கார்டைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டாம், யாரையும் ஸ்பான்சர் செய்ய வேண்டாம். கார்டு 2027 செப்டம்பரில் காலாவதியாகட்டும். கனடாவுக்குள் வாழ்வதற்கும் வேலைக்கும் அது காலாவதியானதால் ஒன்றும் ஆகாது. ஐந்து ஆண்டு தாண்டிய பிறகு அதிகாரி பார்க்க முடிவது விசாரிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டை மட்டும்தான். 2028 ஏப்ரல் கடைசியில் திரும்பிப் பார்த்தால் 2023 ஏப்ரல் வரைதான் கணக்கு போகும். உங்கள் பழைய மூன்று வாரம் கணக்கை விட்டு வெளியே போய்விடும், ஆனால் தொடர்ந்து இருந்த 730 நாள் முழுதாக நிற்கும். அப்போது கார்டுக்கு விண்ணப்பியுங்கள். பத்து நாள் கூடுதலாகவே இருந்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. சரியாக 730இல் வந்து நிற்கும் கோப்பைப் பார்த்தாலே அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்பது என் அனுபவம்.

இதில் உண்மையான கஷ்டம் எங்கே என்று உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு ஆண்டில் கோவையிலிருந்து "அப்பாவுக்கு முடியவில்லை" என்று போன் வரும். போகாதீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கார்டு உயிரோடிருக்கும்போது போனால் திரும்பி வரலாம், ஆனால் ஒவ்வொரு நுழைவும் ஒரு புதிய விசாரணை. 2027 செப்டம்பருக்குப் பிறகு போனால் திரும்ப விமானம் ஏற, பி.ஆருக்கான பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பமே 730 நாளைக் கணக்கிடும் பரீட்சைதான். மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முந்தைய 365 நாளில் ஒரு முறையாவது கனடாவில் இருந்திருந்தால், மேல்முறையீட்டுக்காகத் திரும்பி வரப் பயண ஆவணம் கொடுத்தாக வேண்டும். அமெரிக்க விசா உள்ளவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அமெரிக்க நகரமான பஃபலோ வரை பறந்து, அங்கிருந்து சொந்தக்காரர் காரில் எல்லை தாண்டி வருவதும் உண்டு. தனியார் வண்டியில் வருபவரிடம் டிக்கெட் கவுன்ட்டர் எதுவும் கார்டு கேட்பதில்லை, எல்லை அதிகாரி மட்டும்தான். சட்டத்துக்கு உட்பட்ட வழிதான். ஆனால் அங்கேயும் அதே கேள்விகள்தான் காத்திருக்கும்.

அடுத்து, உங்களுக்கு மிக முக்கியமான பகுதி. நாள் குறைந்திருந்தாலும் மனிதாபிமானக் காரணங்களுக்காக அந்தஸ்தைத் தொடர விடலாம் என்று அதே 28ஆம் பிரிவு சொல்கிறது. பாதிக்கப்படும் குழந்தையின் நலனையும் பார்க்கச் சொல்கிறது. விமான நிலைய அதிகாரியும் இதைப் பார்க்க வேண்டும், மேல்முறையீட்டுப் பிரிவும் பார்க்கும். உங்கள் கோப்பு ஜெயிப்பதோ தோற்பதோ இங்கேதான்.

நம்மவர்கள் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்ற ஒரு வரியோடு போய் நிற்கிறார்கள். விசாரிப்பவர் கேட்பது வேறு. எத்தனை நாள் குறைவு? ஏன் கிளம்பினீர்கள்? அப்பா நோயில் விழுந்தது 2023இல், ஆனால் நீங்கள் திரும்பிப் போனது 2022 செப்டம்பரில். அந்த இடைப்பட்ட மாதங்களில் ஏன் வரவில்லை? அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது கூட இருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாதா? ஆள் வைத்துப் பார்க்க வழியில்லையா? அப்பா ஓரளவு தேறியதும் கிடைத்த முதல் வாய்ப்பில் கிளம்பினீர்களா? இங்கே உங்களுக்கு என்ன வேர் இருக்கிறது: வீடு, சேமிப்பு, வேலைக்கு எடுத்த முயற்சி, நெருங்கிய உறவு? பி.ஆர். போனால் உங்களுக்கும் மகளுக்கும் என்ன கஷ்டம்?

உங்கள் கதையின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய வேலையில் ஒரு நாளும் விடாமல் இருந்திருக்கிறீர்கள். "அப்பாவுக்காக இருந்தேனா, சம்பளத்துக்காக இருந்தேனா" என்று எதிர்த்தரப்பு கேட்கும். இடையில் வீடு ஏதாவது வாங்கியிருந்தால் அதுவும் வரும். கனடாவில் மூன்று வாரம் என்பது வேர் என்று சொல்லவே முடியாத அளவு. ஆனால் பக்கவாதம் ஆவணங்களோடு நிரூபிக்கக்கூடிய விஷயம். மருத்துவமனையில் சேர்த்த, விடுவித்த சுருக்க அறிக்கைகள், நரம்பியல் மருத்துவரின் கடிதம், பிசியோதெரபி பில்கள், அப்பாவுக்கு இன்னமும் எதெதற்கு அடுத்தவர் கை தேவை என்ற விவரம், நீங்கள் எடுத்த விடுப்புக் கடிதங்கள், உடன்பிறந்தவர் இருந்தால் அவரால் ஏன் முடியவில்லை என்பதற்கு அவரே எழுதிய உறுதிமொழி. இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டு, விசாரணை மேசையில் "பெட்டி வரட்டும் சார்" என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் இருப்பதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மாதக்கணக்கில் ஒத்திப்போடாமல் வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்புங்கள். "இந்த முறை நிஜமாகவே குடியேற வந்திருக்கிறார்கள்" என்று அதிகாரியை நம்பவைப்பதில் அந்த ராஜினாமாக் கடிதத்துக்கு ஈடான தாள் வேறில்லை.

ஒவ்வொருவருக்கும் கணக்கு தனித்தனி. உங்கள் மனைவியின் நாட்கள் உங்களுக்கு வராது. மகளின் கோப்பும் தனி.

இனி அந்தக் கம்பெனி லெட்டர். கனடா நிறுவனத்துக்காக வெளிநாட்டில் முழு நேரம் வேலை செய்யும் நாட்கள் 730இல் சேரும் என்பது உண்மைதான், அதே பிரிவில் இருக்கிறது. ஏஜென்ட் சொல்லாமல் விட்டது விதிமுறைகளில் இருக்கிறது. அந்த நிறுவனம் கனடாவில் நிஜமாகவே தொழில் நடத்திக்கொண்டிருக்க வேண்டும். பி.ஆர்.காரர்களுக்கு நாள் சேர்த்துக் கொடுப்பதற்கென்றே இயங்கும் கம்பெனி செல்லாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு, கனடாவிலுள்ள நிறுவனம் உங்களை ஒரு பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பப்பட்டவர் பணி முடிந்ததும் திரும்பி வருவார் என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது என்று ஃபெடரல் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சென்னையில் ஆளெடுத்து, சென்னைக் கிளையிலேயே சேர்ந்தவருக்கு இது பொருந்தாது, கம்பெனியின் தலைமையகம் டொராண்டோவில் இருந்தாலும் சரி. கனடாவில் வேலையில் சேர்ந்துவிட்டு, தன் வசதிக்காகக் கோவையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பவருக்கும் பொருந்தாது. கொரோனாவுக்குப் பிறகு இந்தக் குழப்பம் நிறைய.

நீங்கள் 2022 முதல் வேறொரு கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு ஃபார்ம் 16 இருக்கிறது, பி.எஃப். கணக்கு இருக்கிறது. அதே காலத்துக்குக் கனடா கம்பெனியில் முழு நேர வேலை என்று லெட்டர் வந்தால் அதற்குப் பெயர் மோசடி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிச்மண்டில் ஒரு ஆலோசகர் இதையே தொழிலாக நடத்தினார். பாஸ்போர்ட்டில் போலி முத்திரை, போலி முகவரி, இல்லாத வேலை என்று நூற்றுக்கணக்கானோருக்குக் 'கனடாவில் வாழ்ந்த' சரித்திரம் தயாரித்துக் கொடுத்தார். 2015இல் அவருக்கு ஏழு ஆண்டு சிறை. அவர் அலுவலகத்தில் கிடைத்த கோப்புகளைக் கொண்டே வாடிக்கையாளர்கள் பலரைத் தேடிப் பிடித்து அந்தஸ்தைப் பறித்தார்கள். ஏஜென்ட் கைது செய்யப்பட்டால் முதலில் வெளிவருவது உங்கள் கோப்புதான் என்பதை நினைவில் வையுங்கள். காசு வாங்கி ஆலோசனை சொல்பவருக்கு உரிமம் வேண்டும். 2021 நவம்பர் முதல் குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். உங்கள் கோவை ஏஜென்டை இன்றே தேடிப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதிவிலக்கு: கனடா குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் வாழும் நாட்களும் சேரும். குடியுரிமை உள்ள தாய் தகப்பனோடு வெளியே இருக்கும் பிள்ளைக்கும் சேரும். இது ஒருவழிப் பாதை. "என் பையன் டொராண்டோவில் பிறந்தவன், கனடா பாஸ்போர்ட், அவனோடுதான் இருக்கிறேன்" என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு நாள்கூடச் சேராது. வருத்தத்தோடு திரும்ப அனுப்பிய குடும்பங்கள் இதில்தான் அதிகம்.

சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனைகளையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிட்டு வா, போதும்" என்பது இன்னும் உலவுகிறது. அது 1976ஆம் ஆண்டுச் சட்டக் காலத்துச் சங்கதி. அப்போது பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் கனடாவைக் கைவிட்டதாகக் கருதினார்கள். அந்த விதி 2002லேயே போய்விட்டது. அமெரிக்க கிரீன் கார்டுக்காரர்கள் சொல்வதும் வேறு கணக்கு. அங்கே எண்ணிக்கையைவிட உங்கள் உத்தேசம்தான் பெரிது. ஓராண்டுக்கு மேல் வெளியே போக முன்கூட்டியே அனுமதி வாங்குவது அங்கே உண்டு, கனடாவில் அப்படி ஒரு அனுமதி கிடையாது. நியூஜெர்சி சித்தப்பாவின் அறிவுரை கனடாவுக்குச் செல்லாது.

வரி தாக்கல், சலுகைகள் பற்றி இரண்டு வார்த்தை. கோவையில் இருந்துகொண்டே, கனடாவில் குடியிருப்பதாக வரி தாக்கல் செய்தால் பி.ஆருக்குப் பலம் சேரும் என்று சிலர் செய்கிறார்கள். ஒரு நாளும் சேராது. மாறாக, உலகம் முழுதும் உள்ள வருமானத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு வந்து சேரும். கனடாவில் வாழாமல் குழந்தைக்கான மாத உதவித்தொகை வாங்கியவர்கள் பின்னால் வட்டியோடு கட்டியிருக்கிறார்கள், அந்த விவரம் குடிவரவுக் கோப்பிலும் ஏறியிருக்கிறது. ஒன்டாரியோவின் மருத்துவ அட்டைக்கும் தனிக் கணக்கு உண்டு: எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். 730ஐ எட்டியவர்கூட இதில் தவறி, அவசர சிகிச்சைப் பிரிவில் பில்லோடு நிற்கலாம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் இங்கே பி.ஆர். விஷயம்தான். 2018 டிசம்பர் 18 முதல் அதற்கான அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டு. அதனால் குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் அது 'கடுமையான குற்றம்' என்ற பட்டியலுக்குள் வந்துவிட்டது. கோர்ட்டில் அபராதத்தோடு முடிந்தாலும் நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். இங்கே வருகிற நம் பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கோவைக்காரருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. கனடாவில் தமிழ் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு நாள் கணக்கைவிடக் கொடிய ஒரு விதி இருக்கிறது. அகதியாகப் பாதுகாப்புப் பெற்று, அதன் வழியாக பி.ஆர். ஆனவர்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அதில் ஊருக்குப் போய்வந்தால், "இவருக்குப் பாதுகாப்பு இனித் தேவையில்லை" என்று குடிவரவு அமைச்சர் தரப்பு, அதாவது அரசு, அகதிகள் பாதுகாப்புப் பிரிவில் மனுப் போடலாம். 2012 டிசம்பருக்கு முன்பு அகதி நிலை போனாலும் பி.ஆர். மிஞ்சியது. அந்த மாதம் வந்த திருத்தத்தால் இரண்டும் ஒரே தீர்ப்பில் போகின்றன. 730 நாளுக்கு இருப்பது போன்ற மேல்முறையீட்டுப் பிரிவு இதற்குக் கிடையாது, ஃபெடரல் நீதிமன்றத்தில் மறுபரிசீலனை மட்டும்தான். மனிதாபிமான விண்ணப்பத்துக்கும் பொதுவாக ஓராண்டு தடை. இருபது ஆண்டு டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாழ்ந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவருக்கும் இது பொருந்தும், குடியுரிமை எடுக்காமல் இருந்தால்.

போர் 2009இல் முடிந்த பிறகு "இப்ப பிரச்சினை இல்லைத்தானே" என்று அம்மாவின் அந்திரட்டிக்கும் (கருமாதிக்கும்) தங்கையின் கல்யாணத்துக்கும் போய்வந்தவர்கள் ஏராளம். நாட்டு நிலைமை மாறியது என்ற காரணத்துக்காக மட்டும் பாதுகாப்பு நீக்கப்பட்டால் பி.ஆர். போகாது. ஆனால் அமைச்சர் தரப்பு பிடித்துக்கொள்வது பாஸ்போர்ட்டையும் பயணத்தையும்தான். 2022இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. பயணம் செய்தவருக்கு அதன் விளைவு உண்மையில் தெரிந்திருந்ததா, யாருக்குப் பயந்து ஓடி வந்தார், எதற்காகப் போனார், அங்கே ஒளிந்து மறைந்து இருந்தாரா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. அது வழக்கு நடத்த உதவும், போய்வருவதற்கு உரிமம் ஆகாது. 2010இல் அடைக்கலம் தேடி எம்.வி. சன் சீ கப்பலில் வந்த 492 ஈழத்தமிழரில் அகதியாக ஏற்கப்பட்டவர்களாகட்டும், நேற்று விமானத்தில் வந்து ஏற்கப்பட்டவராகட்டும், கனடா குடியுரிமை கைக்கு வரும்வரை இலங்கைப் பாஸ்போர்ட்டைத் தொடாதிருப்பதே உத்தமம். வேறு நாடுகளுக்குப் போக அகதிகளுக்கான பயண ஆவணம் இருக்கிறது. குடும்ப ஸ்பான்சரில் கணவனாகவோ மனைவியாகவோ வந்தவர்களுக்கு இந்த விதி இல்லை.

குடியுரிமை என்றதும் கோவைக்காரரின் பக்கம் திரும்புகிறேன். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டில் 1,095 நாள் கனடாவில் இருந்தால் குடியுரிமை கேட்கலாம். அது கிடைத்துவிட்டால் நாள் எண்ணும் வேலையே இல்லை, அப்பாவைப் பார்க்க ஆண்டுக்கணக்கில் கோவையில் இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வாங்க வேண்டும், அதை வைத்து விவசாய நிலம் வாங்க முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வாங்கும் ஆசை உள்ளவர்கள் இதனாலேயே பி.ஆரோடு நின்றுவிடுகிறார்கள். அது அவரவர் இஷ்டம். ஆனால் பி.ஆரோடு நிற்பவர் எழுபது வயதிலும் 730ஐ எண்ணிக்கொண்டுதான் இருக்க வேண்டும், அதற்கு வயது விலக்கு இல்லை.

கடைசியாக, போகவே வேண்டாம் என்று முடிவெடுத்தால்? அதுவும் கௌரவமான முடிவுதான். விண்ணப்பம் கொடுத்து பி.ஆரைத் துறந்துவிடலாம், கட்டணம் கிடையாது. துறக்காமல் விசிட்டர் விசாவுக்குப் போனால் "நீங்கள்தான் பி.ஆர். ஆயிற்றே, உங்களுக்கு எதற்கு விசா" என்று திருப்பிவிடுவார்கள். பிறகு வேண்டுமானால் மறுபடி எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி கணக்கிட்டுக் குடியேற அழைக்கும் திட்டம்) போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினால் வயதைப் பாருங்கள். முப்பதிலிருந்து வயதுக்கான புள்ளி ஆண்டுதோறும் இறங்கி நாற்பத்தைந்தில் பூஜ்யமாகிவிடுகிறது. அன்றைக்கு வாங்கிய அழைப்பு இப்போது அதே சுலபத்தில் வராது. அதனால் போகலாமா வேண்டாமா என்பதை ஏப்ரலுக்கு முன்பே தீர்மானித்து, போவதென்றால் அப்பாவின் மருத்துவக் கோப்போடு ஒரு மணி நேரம் உரிமமுள்ள வழக்கறிஞரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கான கட்டணம், லெட்டருக்கு உங்கள் ஏஜென்ட் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் சில்லறையாகத்தான் இருக்கும்.

நீங்களும் மனைவியும் துறப்பதென்று முடிவெடுத்தால்கூட, மகளுடையதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சிறு வயதில் பெற்றோர் கூட்டிக்கொண்டு போனதால் நாள் குறைந்த பிள்ளைக்கு வேறு வழியிருக்கவில்லை என்பதை அதிகாரிகள் கணக்கில் எடுப்பதுண்டு, வளர்ந்ததும் முதல் வாய்ப்பிலேயே அந்தப் பிள்ளை திரும்ப முயன்றிருந்தால். அவளுக்கு 2035இல் பதினெட்டு ஆகும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு சும்மா இருந்துவிட்டுக் கேட்டால் அந்தச் சலுகைக்கும் இடமிருக்காது.